செட்டிநாட்டு வணிகமும் ஊர்ப் பண்பாடும் – ஒரு வரலாற்றுப் பார்வை

 

ஆண்டறிக்கை மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று இடம்பெற வேண்டும் என்று நிர்வாகிகள் கேட்டுக்கொண்டபோது, நாம் வாழ்கின்ற இவ்வூரைப் பற்றியே எழுதுவது பொருத்தம் என்று தோன்றியது. காரைக்குடி என்றவுடன் வெளியூர் மக்கள் பெரிய வீடுகளையும் சாப்பாட்டையும் சொல்வார்கள். சற்று விவரம் அறிந்தவர்களோ, "செட்டியார்களுக்கு வியாபாரம் பிறவியிலேயே வந்தது" என்பார்கள். நம் கடைவீதியிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சுதான் இது. அதை நாம் ஏற்பதற்கில்லை. வணிகத்தில் புதுவழி காணும் ஆற்றலைப் பிறப்பு தருவதில்லை. ஊரின் பழக்கவழக்கங்களே தருகின்றன. தந்த பழக்கங்களே சில வேளை அதற்கு வேலியும் கட்டிவிடுகின்றன. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு இவ்விரண்டிற்கும் சான்றாக நம் கண்முன்னே நிற்கின்றது.

வானம் பார்த்த பூமி

செட்டிநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. கண்மாயும் ஊருணியும் மழையை நம்பியவை. காரைச்செடி மண்டிய இந்நிலத்தில் உழுது பிழைப்பது கடினம் என்பதால் வெளியே சென்று பொருளீட்டுவது பண்டு தொட்டே வழக்கமாயிற்று. முன்னர் 96 ஊர்களில் வாழ்ந்த நகரத்தார், இப்போது 75ஐ ஒட்டிய ஊர்களில் வாழ்கின்றனர். இளையாத்தங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி முதலிய ஒன்பது கோயில்களின் வழியாகத் தம் உட்பிரிவுகளை அவர்கள் வகுத்துக்கொண்டுள்ளனர். உப்பு, துணி, நெல் என்று தொடங்கிய வாணிகம், ஆங்கிலேயர் ஆட்சி பரவியபோது இலங்கைக்கும், பின்னர் பினாங்கு, சிங்கப்பூருக்கும், 1852க்குப் பின் கீழ்ப்பர்மாவுக்கும் சென்றது. அக்கடல் வழிகள் நம்மவர்க்குப் புதியன அல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம்களின் மரக்கலங்கள் அவர்களுக்கு முன்பே மலாக்கா நீரிணை வரை போய்வந்துகொண்டிருந்தன.

ஆனால் வறட்சி மட்டுமே ஒரு சமூகத்தை வணிகச் சமூகமாக்கிவிடாது. நமக்குத் தெற்கேயும் மேற்கேயும் இதனினும் வறண்ட ஊர்கள் உண்டு. அவை கூலியாட்களைத்தான் வெளியே அனுப்பின. வேறுபாடு எங்கே என்று தேடினால், வீட்டுக்குள்ளே போக வேண்டியிருக்கின்றது.

பெட்டியடிப் பையன்

நகரத்தார் வீட்டில் மகனுக்குத் திருமணமானதும் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மகனும் மருமகளும் வீட்டை விட்டு வெளியேறுவதில்லை. அதே வளவிற்குள் தனி அடுப்பு, தனிச் சமையல், தனிக் கணக்கு. ஆண்டுச் செலவுக்கென அளந்து கொடுத்ததற்குள் இளம் தம்பதியர் குடும்பம் நடத்த வேண்டும். பெற்றோர் அடுத்த கட்டில்தான் இருப்பார்கள். ஆனால் பற்றாக்குறைக்கு ஓடிப்போய்க் கேட்பது இழுக்கு. திருமணமான ஒவ்வோர் ஆணும் ஊர்க் கணக்கில் ஒரு 'புள்ளி'. கோயில் வரியும் அந்தப் புள்ளியின் பேரிலேயே விழும். கூட்டுக் குடும்பத்தின் பாதுகாப்பும் தனிக் கணக்கின் பொறுப்பும் ஒரே கூரையின் கீழ் இருந்தமை கவனிக்கத்தக்கது. பெண்கள் கொண்டுவந்த சீதனமும் பொதுப் பணத்தில் கரைந்துவிடுவதில்லை. 'ஆச்சிமார் பணம்' என்று அவர்கள் பேரிலேயே கடையில் வரவு வைக்கப்பட்டு வளர்ந்தது. அடுப்படியில் இருந்த ஆச்சிக்கு இரங்கூன் கடையின் நிலவரம் தெரிந்திருந்ததற்கு இதுவே காரணம்.

பையன்களின் பயிற்சி இதனினும் கடுமையானது. எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி எனப்படும் 320இல் ஒரு பங்கு வரை பின்னக் கணக்கைத் தாளும் எழுதுகோலும் இல்லாமல் வாயால் சொல்லப் பழகினார்கள். அதன்பின் சிறு வயதிலேயே பெரும்பாலும் உறவினர் கடையிலோ பிறர் கடையிலோ 'பெட்டியடிப் பையன்' வேலை. பணப்பெட்டியின் அருகில் இருந்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடி, கடிதம் நகலெடுத்து, வந்தவன் முகத்தையும் போனவன் நடையையும் பார்த்துக் கற்பது. பிறகு 'அடுத்தாள்'. நம்பிக்கை பெற்றால் 'மேலாள்'. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் இப்படிக்கட்டுகள் உண்டு. உஸ்தாதின் அருகில் அமர்ந்து கிதாப் ஓதி வந்த நமக்கு, இம்முறையின் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை. கிதாபில் இல்லாததை உஸ்தாதின் முகத்தில் ஓதுவது போல, பேரேட்டில் இல்லாததை மேலாளின் மௌனத்தில் அவர்கள் கற்றார்கள்.

கணக்குக் கைவசமானவனுக்கே புதிய துறையில் இறங்கும் துணிவு வரும். 1869 முதல் இலங்கையின் காப்பித் தோட்டங்களை இலைநோய் அழித்தபோது தோட்டத் தொழில் தேயிலைக்கு மாறிற்று; நகரத்தார் முதலும் அந்தத் தீவை விட்டு அகலவில்லை. மலேயாவில் ஈயமும் சந்தைச் சரக்கும் நம்பியிருந்த கடன் தொழில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் பக்கம் திரும்பியது. சிங்கப்பூரில் அபின் வணிகருக்கும் கடன் கொடுத்தார்கள் என்பதையும் இங்கே மறைப்பதற்கில்லை. புதுவழி எல்லாம் நல்வழி ஆகிவிடாது.

கிட்டங்கி

வெளிநாட்டில் அவர்கள் தொழில் நடத்திய இடத்திற்குக் கிட்டங்கி என்று பெயர். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டில் இவை வரிசையாக இருந்தன. நீண்ட கூடம், அதில் கடைக்குச் சில அடி இடம். ஒரு பெட்டி, தாழ்வான மேசை, பாய், பேரேடுகள் வைக்கும் அலமாரி, அவ்வளவுதான் ஒரு கடை. இடையில் சுவரில்லை. ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் இருந்து தொழில் பார்த்து, பொதுச் சமையலில் உண்டு, இரவில் அங்கேயே பாய் விரித்துப் படுத்தார்கள். ஒரு கடையில் கடன் கேட்டு மறுக்கப்பட்டவன் அடுத்த கடையில் வேறு கதை சொல்ல முடியாது. ஒருவர் செய்த தவறான பேரம் அன்றிரவே எல்லோருக்கும் பாடமாயிற்று. 1859இல் டேங்க் ரோட்டில் எழுந்த அவர்களது கோயில், வழிபாட்டோடு சபை கூடும் இடமாகவும் இருந்தது. அதற்கும் முன்னரே, 1826இல், தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் அதே நகரின் சவுத் பிரிட்ஜ் ரோட்டில் ஜாமிஆ மஸ்ஜிதை நிறுவியிருந்தார்கள். தமிழ் பேசிய இரு வணிகக் கூட்டங்களும் நடந்து செல்லும் தூரத்தில் வாழ்ந்தன.

இரங்கூனில் மொகல் தெருவே நகரத்தார் தொழிலின் நடுவிடம். சூரத்தி சுன்னி ஜமாஅத் பள்ளிவாசல் நிற்பதும் அத்தெருவில்தான். மாதந்தோறும் கோயிலில் கூடி, தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்திற்கு 'நடப்பு வட்டி' எவ்வளவு என்று பேசி முடிவு செய்வார்கள். கடைக்காரரின் சொந்தப் பணம் 'முதல் பணம்'; உறவினரும் ஊராரும் நம்பிக் கொடுத்தது 'மேல் பணம்'. சிறு முதலுள்ளவனும் பெரிய தொழிலில் இறங்க முடிந்தது இந்த மேல் பணத்தால்தான். போட்டியாளரே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, ஒரே இடத்தில் அமர்ந்து விலை பேசி, மறுநாள் காலை மீண்டும் போட்டியிட்ட இவ்வமைப்பைப் போல் வேறெங்கும் எளிதில் காண முடியாது.

இந்நம்பிக்கையை வெறும் நற்குணம் என்று எண்ணிவிடக் கூடாது. மேலாளின் மனைவி மக்கள் செட்டிநாட்டில், முதலாளியின் கண்ணெதிரில் இருந்தார்கள். மோல்மேனில் ஒருவன் கைவைத்தால், கோட்டையூரில் அவன் தங்கைக்கு மாப்பிள்ளை கிடைக்காது. நம்பிக்கைக்கு ஊர் ஜாமீன் நின்றது.

மேலாளுடன் முதலாளி செய்துகொள்ளும் ஏற்பாடு நம்மவர்கள் அறிய வேண்டிய ஒன்று. பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. சம்பளத்தில் ஒரு பகுதி குடும்பத்துக்கு முன்னதாகவே கொடுக்கப்படும். தவணை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது இலாபத்தில் ஒரு பங்கு உண்டு. முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது, இலாபம் இருவருக்கும் என்னும் இந்த அமைப்பு, நம் ஃபிக்ஹு நூல்கள் கூறும் முளாரபாவை நினைவூட்டுகின்றது. அன்னை கதீஜா (ரலி) அவர்களின் சரக்குகளுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஷாம் தேசம் சென்று வந்ததும் இத்தகைய உடன்பாட்டின் பேரிலேயே. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. முளாரபாவில் உழைப்பவருக்கு நிச்சயிக்கப்பட்ட சம்பளம் கிடையாது. இலாபம் வந்தால்தான் பங்கு. முதலில் நட்டம் வந்தால் அது முதலுடையவரைச் சாரும். மேலாளுக்கோ சம்பளமும் உண்டு, பங்கும் உண்டு. அனைத்திற்கும் மேலாக, ஈட்டிய இலாபம் வட்டியிலிருந்து வந்தது. அதனால் அமைப்பைப் பாராட்டலாம்; தொழிலை நாம் பாராட்ட முடியாது.

ஆயினும் அத்தவணை முறை செய்த ஒரு நன்மையைச் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டு முடித்து ஊர் திரும்பிய மேலாள், கையில் பங்குப் பணமும் தலையில் ஒரு நாட்டின் சந்தை நிலவரமும் கொண்டு வந்தான். அவனே பின்னர் சிறு முதலாளி ஆனான். வேலைக்காரனை முதலாளியாக்கும் வழியை அடைக்காமல் வைத்திருந்த தொழில்கள் உலகில் அதிகமில்லை.

வட்டியும் நிலமும்

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பின் பர்மிய அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி உண்டாயிற்று. ஐராவதி ஆற்றின் கழிமுகக் காடுகள் வயல்களாயின. காடு வெட்ட, மாடு வாங்க, விதைக்க, அறுக்க எனப் பர்மிய விவசாயிக்குத் தேவைப்பட்ட பணத்தை ஆங்கிலேய வங்கிகள் கொடுக்கவில்லை. நகரத்தார் கடைகள் கொடுத்தன. கீழ்ப்பர்மாவின் நெல் சாகுபடி 1930 வாக்கில் ஒரு கோடி ஏக்கரை நெருங்கியது. 1929–30இல் பர்மிய வங்கித் தொழிலை ஆராய்ந்த அரசுக் குழு, சுமார் 1650 நகரத்தார் கடைகள் அந்நாட்டில் இருந்ததாகவும், அவர்களது முதல் 75 கோடி ரூபாய் அளவில் இருந்ததாகவும் கணக்கிட்டது.

அதன் பிறகு வந்தது உலகப் பொருளாதார மந்தம். நெல் விலை வீழ்ந்தது. வட்டி வீழவில்லை. கடன் கட்ட முடியாத விவசாயியின் நிலம் கடைக்காரர் கைக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் நகரத்தாரிடம் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு 25 ஆயிற்று. பெரும்பாலான கடைக்காரர்கள் நிலத்தை விரும்பவில்லை, பணத்தையே விரும்பினார்கள் என்பது உண்மை. ஆனால் காடு திருத்திய பாட்டனின் வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு அந்த உண்மையால் என்ன பயன்? விலை சரிந்தாலும் விளைச்சல் பொய்த்தாலும் கொடுத்தவனுக்கு உரியது குறையாது என்பதுதான் வட்டியின் இயல்பு. மார்க்கம் அதை ஏன் விலக்கியது என்பதை விளக்க இந்த எட்டு ஆண்டுகளே போதும்.

இங்கேதான் ஊர்ப் பண்பாட்டின் வேலியும் தெரிகின்றது. கிட்டங்கியின் காதுக்கு எட்டாத செய்தியே இல்லை என்றோம். அச்செய்தி எல்லாம் தம்மவரிடமிருந்து தம்மவருக்கு வந்தது. ஒவ்வொரு கடன்காரனையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்கத் தெரிந்தவர்கள், அவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு நாடு என்பதைக் காணவில்லை. 1941 இறுதியில் ஜப்பானியர் குண்டு வீசியபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலிலும், அரக்கான் மலைப்பாதையில் கால்நடையாகவும் வெளியேறினார்கள். கடைக்காரரும், கூலியாட்களும், நம் சமுதாயத்தவரும் அதில் அடக்கம். விடுதலை பெற்ற பர்மா 1948இல் நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் இயற்றியது. 1962க்குப் பின் வந்த இராணுவ ஆட்சி கடைகளையும் வங்கிகளையும் எடுத்துக்கொண்டது. நம்மூரில் பர்மா காலனி என்ற பெயர் அந்த வரலாற்றின் மிச்சம்.

திரும்பி வந்த முதல்

எல்லோரும் கதவு சாத்தும் வரை காத்திருக்கவில்லை. பள்ளத்தூர் அ.மு. முருகப்ப செட்டியார் குடும்பம் மோல்மேனில் கடன் தொழில் செய்தது. போருக்கு முன்னரே முதலை இந்தியாவுக்குத் திருப்பிவிட்டது. 1949இல் இங்கிலாந்து நிறுவனம் ஒன்றுடன் கூடிச் சைக்கிள் தொழிற்சாலை தொடங்கியது. கானாடுகாத்தான் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தம் 28ஆம் வயதில், 1937 பிப்ரவரி 10 அன்று, இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவினார். காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று இடங்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். பழைய உண்டியல் கடைகளின் கடல்கடந்த பிணைப்பை நவீன வங்கியின் சட்டத்திற்குள் கொண்டுவந்தவர் அவர். வெளியார் பணமும் வெளியார் கணக்கும் உள்ளே வர வழி திறந்தது இதில் முக்கியமானது.

திரைப்படத்தைப் பற்றி இம்மலரில் எழுதுவது சிலருக்கு ஒவ்வாதிருக்கலாம். ஆயினும் வரலாறு என்ற முறையில், காரைக்குடியில் இசைத்தட்டு விற்ற கடைக்காரர் மகனான அ.வி. மெய்யப்ப செட்டியார், போர்க்காலத்தில் சென்னையை விட்டு வந்து நம்மூர்த் தேவகோட்டை ரஸ்தாவில் படப்பிடிப்புக் கூடம் நடத்தினார் என்பதை விட்டுவிட முடியாது. 1948இல் அது கோடம்பாக்கம் சென்றது.

இவர்கள் திரும்பி வந்த ஊர் வெறும் மாளிகைகளின் ஊராக இருக்கவில்லை என்பதுதான் நமக்கு முக்கியம். 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கம் நூல்களும் சொற்பொழிவுகளுமாக இயங்கியது. 1919இல் பாரதியார் அங்கு வந்து தங்கிச் சென்றார். 'குமரன்', 'ஊழியன்' போன்ற இதழ்கள் இங்கிருந்து வெளிவந்தன. 1939 முதல் கம்பன் கழகம். கணக்குப் பேரேட்டோடு கவிதையும் வாசிக்கும் பழக்கம் கடைவீதிக்கு இருந்தது. இளமையில் பர்மாவில் வேலை பார்த்த இராயவரம் சக்தி வை. கோவிந்தன், 1957இல் பாரதியார் கவிதைகளை ஒன்றரை ரூபாய்க்கு அச்சிட்டுக் கொடுத்தார். சிறு இலாபம், பெருந்தொகை விற்பனை என்ற கடைவீதிக் கணக்குத்தான் அதிலும் வேலை செய்தது. கோட்டையூர் ரோஜா முத்தையா, விளம்பரப் பலகை எழுதிச் சம்பாதித்ததைப் பழைய தமிழ் நூல்களில் போட்டார். அவர் 1992இல் மறைந்தபின் அத்தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்க, 1994இல் சென்னையில் அது ஆய்வு நூலகமாயிற்று.

கோட்டையூர் அழகப்ப செட்டியார் இவர்களுள் தனித்து நிற்பவர். 1909இல் பிறந்தவர், இங்கிலாந்தில் சட்டம் பயின்றார், விமானம் ஓட்டக் கற்றார், 1937இல் திருச்சூர் அருகே நூற்பாலை நிறுவினார். 1947இல் நம்மூரில் கல்லூரி தொடங்கினார். மத்திய அரசு நாடெங்கும் தேசிய ஆய்வகங்கள் அமைக்க முற்பட்டபோது, இரயில் வசதியும் குறைந்த இந்தச் சிற்றூருக்கு ஒன்று வேண்டும் என்று கேட்டார். கேட்டதோடு 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று பண்டித நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாம் 'சிக்ரி' என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அதுவே. தாம் வாழ்ந்த வீட்டையும் கல்விக்கே கொடுத்துவிட்டு, 48 வயதுகூட நிறையாமல் 1957இல் காலமானார். அவர் நிறுவிய கல்லூரிகளின் வழியில் 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் வந்தது. அங்கே படித்தவர்கள் எந்தக் குலம், எந்த மதம் என்று பார்க்கப்படவில்லை. நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள். ஊருக்குள்ளேயே சுற்றிவந்த மேல் பணம் ஊரின் எல்லோருக்குமாக ஆனது அவர் கையில்தான் என்று சொன்னால் மிகையாகாது.

மறுபக்கமும் உண்டு. பர்மாத் தேக்கும் இத்தாலியச் சலவைக்கல்லும் பெல்ஜியக் கண்ணாடியும் கொண்டு கட்டிய வீடுகளில் கணிசமானவை இன்று பூட்டியே கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பல புள்ளிகள் பங்காளிகள். ஒருவர் சம்மதித்தால் மற்றொருவர் சம்மதிப்பதில்லை. தொழிலில் இறங்கியிருக்க வேண்டிய முதல் சுவரில் உறைந்துவிட்டது. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. சில வீடுகள் விடுதிகளாகியுள்ளன. அதே வீடுகளுக்காகத் தோன்றிய ஆத்தங்குடிக் கல் மட்டும் உயிரோடிருக்கின்றது. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, வண்ணக் குழம்பை அச்சுக்குள் கைப்பக்குவமாக ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. கண்ணாடியின் வழவழப்பே கல்லுக்கு வந்துவிடுகின்றது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையும் அப்படியே தறிகளில் பிழைத்திருக்கின்றது. இக்கைவினைஞர்களின் பேர்கள் எந்தப் பேரேட்டிலும் இல்லை. ஊரின் புதுமையைப் பேசும்போது முதலாளிகளை மட்டும் பேசுவது நியாயமாகாது.

நம் ஜமாஅத்தின் இளைஞர்கள் இன்று துபாய், குவைத், சிங்கப்பூர், மலேசியா என்று சென்றிருக்கிறார்கள். பணம் கைப்பேசியில் வந்துவிடுகின்றது. ஆனால் பத்தாண்டுகள் மொத்தக் கடையில் நின்றவன், சரக்கு எங்கிருந்து வருகின்றது, எந்தப் பருவத்தில் விலை ஏறும், எந்தக் கடன் திரும்பாது என்று கற்றதெல்லாம் அவனோடு ஊர் வந்து, வீட்டுத் திண்ணையோடு நின்றுவிடுகின்றது. கேட்பாரில்லை. ஆகவே மாதத்தில் ஒரு ஞாயிறு மஃரிபுக்குப் பின், மதரஸா கூடத்தில், விடுப்பில் வந்திருப்போரும் தொழில் தொடங்க விரும்புவோரும் அமர்ந்து பேச ஏற்பாடு செய்யலாம். வட்டியில்லா முதலுக்குப் பங்கு முறையில் வழி உண்டா என்பதும் அங்கே பேசப்படலாம். பெண்களுக்குத் திரையிட்ட தனியிடம் ஒதுக்க வேண்டும். கதீஜா (ரலி) அவர்களின் சமுதாயத்தில் தொழில் பேச்சு ஆண்களோடு முடிந்துவிடலாகாது. வெளியூர் ஜமாஅத்தாரும் பிற சமயத்து வியாபாரிகளும் வந்து பேசலாம் என்று வைப்பதே நலம். இக்கோரிக்கையை எழுத்து மூலமாக நிர்வாகக் குழுவிடம் கொடுத்துள்ளோம். வரும் மகாசபைக் கூட்டத்தின் பொருள் நிரலில் அது சேர்க்கப்பட்டுள்ளது.